கோடு இல்லாத மாத்திரை

வெளியே நன்றாக விடிந்திருந்தாலும் மாஸ்டர் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். விளக்குக்குக் கீழே ஒரு துண்டுக் கம்பளித் துணி. அதன் நடுவில் ஒரு மாத்திரை. நெற்றியில் ஏற்றிவைத்த மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொள்வார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் வெட்டும் சின்னக் கத்தியை வைத்து ஒரே அழுத்து. இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொள்ளும். ஒரு தூள் உதிராது.

"பாத்தியா?" என்பார்.

"பாத்தேன், பாத்தேன். தினம் புதுசாவா வெட்டறீங்க?" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

"நீ எங்க பாத்த? கஞ்சியத்தான பாத்துக்கிட்டிருக்க."

"கஞ்சி பொங்கினா அடுப்பு அணைஞ்சிடும். உங்க மாத்திரை எங்கயும் ஓடிடாது."

அவர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அதனால் அவர் மனைவி மாஸ்டரம்மா. அவளும் அதே கம்பெனியில்தான் இருந்தாள், இஸ்திரிப் பிரிவில். துணி உள்ளே வந்தால் முதல் கை அவருடையது. பெட்டிக்குள் போகும்போது கடைசிக் கை அவளுடையது. நடுவில் எத்தனையோ கைகள். முதல் கையும் கடைசிக் கையும் எப்படிச் சந்தித்துக்கொண்டன என்பது கம்பெனியில் ரொம்ப நாள் ஓடிய கதை.

மாஸ்டரின் பெருமையெல்லாம் துணி மிச்சம் பிடிப்பதில் இருந்தது. அளவு அட்டைகளை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, சட்டைக் கைக்கான துண்டைக் கழுத்துக்கான துண்டின் வளைவுக்குள் செருகி, மற்றவர்கள் ஒரு கட்டுத் துணியில் எடுப்பதைவிட ஒரு சட்டையாவது கூடுதலாக எடுத்துவிடுவார். அவரிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் சொல்வதும் ஒன்றுதான். "கோடு இல்லாத இடத்துல கத்தரி வைக்காதே. தச்சதப் பிரிக்கலாம். வெட்டினத ஒட்ட முடியாது."

விடை கொடுத்தபோது கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரத்தையும், இரண்டு பேருக்கும் ஓர் இலவச உடல் பரிசோதனையையும் கொடுத்தது. கடிகாரம் சீக்கிரமே நின்றுவிட்டது. பரிசோதனையில் வந்தவை நிற்கவில்லை. அவருக்குச் சர்க்கரை. அவளுக்கு ரத்த அழுத்தம்.

"இது வந்துட்டுப் போற காய்ச்சல் இல்ல," என்றார் டாக்டர். "குடிவந்திருக்கு. அது பாட்டுக்கு ஒரு மூலைல இருக்கணும்னா மாத்திரை விடக் கூடாது."

வெளியே வந்ததும் மாஸ்டரம்மா கேட்டாள். "குடிவந்தவங்க நமக்கு வாடகை குடுப்பாங்க. இங்க என்ன, நாம குடுக்கணும்னு சொல்றாரு?"

கொடுத்தார்கள். அந்த வாடகை சின்னதாக இல்லை. பென்ஷன் வந்த கையோடு மருந்துக்கடையில் பாதி இறங்கியது. முதலில் செய்தித்தாளை நிறுத்தினார்கள். மாடி வீட்டு டிரைவரின் தாள் மறுநாள் காலை கீழே வந்தது. "நாட்டுல நடக்கறது ஒரு நாள் கழிச்சுத் தெரிஞ்சா நமக்கென்ன நஷ்டம்," என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டார். பாலைக் குறைத்தார்கள். பிரார்த்தனைக் கூடத்துக்குக் கொடுப்பதை மட்டும் குறைக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

தெருமுனை மருந்துக்கடையை நடத்திய பெண்மணிக்கு வெண்கலக்குரல் என்று பெயர். நல்ல மனுஷி. ஆனால் அவள் விலை சொன்னால் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். ஒருமுறை மாஸ்டர் தயங்கித் தயங்கி, "வீட்டுக்காரிக்கு முழுசா குடுங்க. எனக்குப் பாதி இப்ப போதும்," என்றார். "பாதி மாசத்துக்கா மாஸ்டர்? மிச்சத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள். அவள் அக்கறையாகத்தான் கேட்டாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து மாஸ்டர் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடை இருந்தது. அங்கே பழைய மாத்திரை அட்டையைக் காட்டினால் மருந்தை எடுத்துப் போட்டுவிடுவார்கள். யார், எவர் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. அந்த நேரமின்மை மாஸ்டருக்குப் பிடித்திருந்தது.

மாஸ்டரின் சர்க்கரை மாத்திரையை அரையாகப் போடச் சொன்னவர் டாக்டர்தான். அதற்கென்றே அதன் நடுவில் ஒரு கோடு இருந்தது. அதை வெட்ட வெட்ட, அவருக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பெரிய மாத்திரை சின்ன மாத்திரையைப் போல இரண்டு மடங்கு பலம். ஆனால் விலை இரண்டு மடங்கு இல்லை, கொஞ்சம்தான் கூட. ஒரு கட்டுத் துணியில் ஒளிந்திருக்கும் இன்னொரு சட்டையைக் கண்டுபிடித்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"உன் பிரஷர் மாத்திரைலயும் பெரிசு இருக்கு," என்று அன்று ஓர் அட்டையோடு வந்தார். "பெரிச வாங்கி நடுவுல வெட்டினா, பாதி உன்னோட முழுசுக்குச் சமம். மருந்து குறையல. செலவுதான் குறையுது."

"மாத்திரைலயும் துணி மிச்சம் பிடிக்கறீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அவளுடைய மாத்திரை வழுவழுவென்று மேல்பூச்சோடு இருந்தது. கோடு இல்லை. மாஸ்டர் அதைத் திருப்பிப் பார்த்தார், விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு துணியில் கோடு போடும் சாக்பீஸின் கூர்விளிம்பை எடுத்து, நட்டநடுவில் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார். "கோடு இல்லன்னா என்ன, நாம போட்டாப் போச்சு," என்று கத்தியை வைத்தார். பாதிகள் ஒரு சின்னத் தகர டப்பாவுக்குள் போயின.

தினமும் கஞ்சி குடித்து முடித்ததும் மாஸ்டரம்மா கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்வாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவாள். அவர் மாத்திரையை வைப்பார். விழுங்கிவிடுவாள். கொடுக்கிறவரை நம்பி வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதான்.

வாரத்துக்கு ஒருமுறை பிரார்த்தனைக் கூடத்தின் வெள்ளைத் துணிகள் அவளிடம் வரும். கூலி கிடையாது. கூடத்துப் பெரியவர் ஒருமுறை கூலி பேச வந்தபோது, "கடவுளுக்கு இஸ்திரி போட்டுட்டு அவர்கிட்ட பில் குடுக்கறதா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மேடை விரிப்பு அகலமானது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வரக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்பாள். ஆவி எழும்பும். நனைந்த பருத்தியின் வாசனை வீடு முழுக்க நிற்கும். வாரத்தில் அவள் முகம் இளமையாகத் தெரிவது அந்த வேளையில்தான்.

முதல் டப்பா பாதிகூடக் காலியாகவில்லை. மழைக்கு முந்தின புழுக்கம் ஊரைப் பிடித்திருந்த ஒரு காலையில் அது நடந்தது. மாத்திரை போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, விரிப்பை மேஜையில் விரித்தாள். பாதியில் முகம் குப்பென்று சுட்டது. காதுக்குள் யாரோ பறை அடித்தார்கள். தரை படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் வாசலிலிருந்து மாஸ்டர் ஓடிவந்தார். இஸ்திரிப் பெட்டி குப்புறக் கிடந்தது. அதைத் தூக்கினால், வெள்ளை விரிப்பின் நடுவில் பழுப்பாக ஒரு படகு.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?"

"பெட்டிய நான் நிமித்தி வைக்கலங்க."

"அத விடு. தலைல பட்டுச்சா?"

"நிமித்தி வைக்காம விட்டுட்டேங்க நான்." அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு துணி தீய்ந்ததில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். அவள் துணியையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.

அன்று மாலை டாக்டர் அழுத்தம் பார்த்தார். ஏறியிருந்தது. இன்னொரு தரம் பார்த்தார். பேனாவால் மோவாயைச் சொறிந்துகொண்டார்.

"காலைல தலை சுத்துது, ஆள் சாயறாங்கன்னா இறங்கியிருக்கணும். இப்ப பாத்தா ஏறிக்கிட்டுப் போயிருக்கு. மாத்திரை ஒழுங்காப் போடறாங்களா?"

"ஒரு நாள் தவறினதில்ல டாக்டர். நானே எடுத்துக் குடுக்கறேன்."

அது உண்மை. அதனால் அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஒரு வாரம் பாப்போம். இப்படியே இருந்தா உங்க ரெண்டு பேர் மருந்தோட மூணாவதா ஒண்ணு சேத்துத்தான் ஆகணும். கொஞ்சம் விலை கூட. அதுவரைக்கும் இஸ்திரி வேலை வேண்டாம்மா."

மாஸ்டரின் காதில் மூன்றாவது மருந்து மட்டும் விழுந்தது. மாஸ்டரம்மாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே அறையிலிருந்து இரண்டு வேறு கவலைகளோடு வெளியே வந்தார்கள்.

மூன்றாவது மருந்து வந்தால் வீட்டு வாடகை கொடுக்க முடியாது. மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பெண் நல்லவள், மருமகனும் தங்கமானவர். ஆனால் அங்கே இவர்களுக்கு இடம் என்பது முன்னறைச் சோபாவை விரித்தால் வருகிற இடம். பேரப்பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை விரிக்க முடியாது. அவர்கள் எழுந்திருக்கும் முன் மடித்துவிட வேண்டும். மாஸ்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. வழியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்படி நடந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். கவலைப்பட்டு உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. கம்பெனியில் ஒரு சட்டை சரியாக உட்காராவிட்டால், ஒரு தடவைக்கு ஒரு அளவை மட்டும் மாற்றிப் பார்ப்பது வழக்கம். இரண்டை மாற்றினால் எது பிழை என்று தெரியாமல் போகும். அதே முறையில் முதல் நாள் டீயை நிறுத்தினார். தலைசுற்றல் வந்தது. மறுநாள் டீயைக் கொடுத்துவிட்டுக் கஞ்சியில் உப்பை நிறுத்தினார். அப்போதும் வந்தது. அடுத்த நாள் அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டார்.

"நாளைக்கு என்ன, என்னையே மாத்திடுவீங்களா?" என்றாள் அவள்.

"உன்ன மாத்தினா வேற ஆளுக்கில்ல தலை சுத்தும். காரணம் தெரியாதே."

மாடி வீட்டு டிரைவர் தாளைக் கொடுக்க இறங்கி வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த நோய்க்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

"நான் சொல்றேன் கேளுங்க மாஸ்டர். இது கழுத்து. தங்கச்சி குனிஞ்சு குனிஞ்சு இஸ்திரி போட்டதுல நரம்பு இழுத்துக்கிச்சு. என் தோளைப் பாருங்க, கியர் போட்டுப் போட்டு ஒரு பக்கம் இறங்கிப்போச்சு."

"அது கியராலயா அண்ணே? டிக்கெட் வாங்காதவங்கள இழுத்து இறக்கிவிட்டதுல இறங்கினதுன்னு அண்ணி சொன்னாங்களே."

"அது கண்டக்டர் வேலை தங்கச்சி. நான் சீட்ட விட்டு எந்திரிச்சதே கிடையாது."

"அதான் வயிறும் எந்திரிக்கல போல," என்றார் மாஸ்டர்.

டிரைவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் தணிந்து, "சரி, அது எப்படி இருக்கும் தங்கச்சி? வரும்போது?" என்று கேட்டார். இதுவரை யாரும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் எப்போது, எத்தனை தடவை என்றுதான் கேட்டார்கள்.

அவள் யோசித்தாள். "இஸ்திரிப் பெட்டில ஆவி பட்டன அமுக்கினா, உள்ள இருக்கறதெல்லாம் புஸ்ஸுன்னு ஒரே மூச்சுல வரும்ல. அப்படி மூஞ்சில அடிக்குது அண்ணே. கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஆனா தண்ணி தீர்ந்த பெட்டி மாதிரி காஞ்சு போய் மண்டை கனக்குது."

"மாத்திரை போட்ட கையோட வருதா?"

"பாத்திரம் கழுவி முடிக்கறதுக்குள்ள."

"அப்ப மாத்திரைதான் ஒத்துக்கல."

"அதே மருந்துதான முதல்ல ஒத்துக்கிட்டது," என்றார் மாஸ்டர். "இப்ப மட்டும் அதுக்கு என்ன கோவம்?" அதற்கு டிரைவரிடமும் காரணம் இல்லை.

வாரம் முடியப் போகிற நேரத்தில் மாஸ்டருக்கு ஒரு யோசனை. மூன்றாவது மருந்து என்ன விலை இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால், மனசைத் தயார் பண்ணிக்கொள்ளலாம். பெரிய கடையில் கேள்வி கேட்க முடியாது. வெண்கலக்குரலிடம்தான் கேட்க வேண்டும். "நானும் வர்றேன், வீட்டுக்குள்ளயே உக்காந்து புழுங்குது," என்று மாஸ்டரம்மாவும் கிளம்பினாள்.

தெருமுனைக்கு வந்தபோது கடை வாசலில் வரிசை நின்றது. மாஸ்டரின் நடை மெதுவாயிற்று. "நாளைக்கு வரலாமா?" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் இத்தனை நாள் புழுங்கிய வானம் ஒரேயடியாகக் கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் எதிர்ப்பக்கத்துக் கூரைக்கு ஓடினார்கள். கடை வாசல் வெறிச்சோடியது. கடவுள் சில சமயம் மழையாக வந்து வரிசையைக் கலைத்துவிடுகிறார். இருவரும் தலையில் கையை வைத்துக்கொண்டு கடைக்குள் ஏறினார்கள்.

"என்ன மாஸ்டர், மழைக்கு ஒதுங்கினீங்களா, வழி தவறிட்டீங்களா?" என்றாள் வெண்கலக்குரல். "ஆளையே காணோம். ஊர்ல இல்லையோன்னு நினைச்சேன்."

மாஸ்டர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது. அதற்குள் மாஸ்டரம்மா சொல்லிவிட்டாள். "ஊர்லதான் இருக்காரு. உங்க குரலுக்குப் பயந்துக்கிட்டுப் பெரிய கடைக்குப் போறாரு."

"என் குரலுக்கா?"

"நீங்க விலை சொன்னா பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கும் தெரிஞ்சிடுதும்மா. எங்களால முடியுது, முடியலங்கறதும் சேந்து தெரிஞ்சிடுது."

வெண்கலக்குரல் துணியால் கண்ணாடிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது கேக்காதும்மா, சின்ன வயசுலேருந்து. எனக்குக் கேக்கற அளவுக்குப் பேசறேன்னு நினைச்சேன். ஊருக்கே பேசியிருக்கேன் போல." அவள் இதைச் சாதாரணக் குரலில் சொன்னாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. ஒரு முக்காலியை இழுத்து மாஸ்டரம்மாவுக்குப் போட்டாள். "உக்காருங்க. என்ன ஆச்சு, முகம் வாடியிருக்கு?"

சொன்னார்கள். அவள் நல்ல காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டாள். ஆவி அடிக்கிற மாதிரி என்றதும் அவள் புருவம் சுருங்கியது.

"இருங்க, இருங்க. உங்களோடது மெதுவாக் கரையற மாத்திரை. காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடணும். அது ஒரே அடியா அடிக்கக் கூடாதே. மென்னு சாப்பிடறீங்களா?"

"இல்லையே. முழுங்கிடறேன்."

"பொடி பண்ணித் தண்ணில?"

"பொடியா?" மாஸ்டருக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "ஒரு தூள் உதிராதும்மா நம்ம வேலைல." சட்டைப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்து, மாதிரி காட்டுகிற பெருமையோடு பலகைமேல் வைத்தார். பாதிகள் வரிசையாக இருந்தன, வெட்டுவாய் கண்ணாடி மாதிரி. சிலவற்றின் விளிம்பில் சாக்பீஸின் வெள்ளை ஒட்டியிருந்தது. "பெரிச வாங்கி வெட்டறேன். அளவு அதேதான். நீங்களே நிறுத்துப் பாருங்க."

வெண்கலக்குரல் நிறுத்துப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரு பாதியை எடுத்து விளக்கில் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ஒன்றில் அலமாரியிலிருந்து அதே மருந்தின் முழு மாத்திரையைப் போட்டாள். இன்னொன்றில் மாஸ்டரின் பாதியைப் போட்டாள்.

"மழை விடற மாதிரி இல்ல. பாப்போம்," என்றாள்.

மூன்று தலைகளும் டம்ளர்களின்மேல் குனிந்தன. வெளியே ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முழு மாத்திரை கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்தது, அசையவில்லை. பாதி மாத்திரையின் வெட்டுவாயிலிருந்து முதலில் ஒரு மெல்லிய புகை கிளம்பியது. பிறகு அது தடித்தது. மூடிக்கொண்டிருந்த பூச்சு மேல்தோலாக நிற்க, உள்ளே இருந்தது உப்பி, உதிர்ந்து, தண்ணீர் வெளுத்தது. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். அவருக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. இவ்வளவு சின்னதுக்குள் இவ்வளவு நுட்பமாக ஒருவன் வேலை செய்து வைத்திருக்கிறானே என்று முதலில் அந்த வேலைக்காரனைத்தான் நினைத்தார். அதற்குப் பிறகுதான் மனைவி ஞாபகம் வந்தது.

"இந்த மேல்பூச்சு இருக்கே, இதுதான் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இருக்கறத விடுது," என்றாள் வெண்கலக்குரல். "வெட்டிட்டா வாசக்கதவத் திறந்து விட்ட மாதிரி. நாள் முழுக்க வர வேண்டியது காலைலயே வந்துடும். சாயங்காலத்துக்கு மிச்சம் இருக்காது."

"ஆவி புஸ்ஸுன்னு வந்துட்டு, பெட்டி காஞ்சு போற மாதிரி," என்றாள் மாஸ்டரம்மா.

"அதேதான்மா."

"அப்ப என்னோடத வெட்டலாம்னு டாக்டரே சொன்னாரே," என்றார் மாஸ்டர். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

வெண்கலக்குரல் அவருடைய மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைக் காட்டினாள். "பாருங்க, இதுல கோடு இருக்கு. வெட்டலாம்னு செஞ்சவங்களே போட்ட கோடு. அம்மாவோடதுல எங்க இருக்கு?"

மாஸ்டரின் விரல் பலகைமேல் இருந்த ஒரு பாதியின் வெள்ளை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியது.

மாஸ்டரம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "கோடு இல்லாத இடத்துல கத்தரி வைக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க."

"கோடு இருந்தது," என்றார் அவர். "நான் போட்ட கோடு." பிறகு, இத்தனை வருஷத்தில் அவர் வெட்டும் மேஜையில் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார். "தப்பா வெட்டிட்டேம்மா."

அவள் அவர் கையைப் பிடித்து, விரலில் இருந்த வெள்ளையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "மருந்தைக் குறைக்கலையே நீங்க. எனக்காகத்தான மிச்சம் பிடிச்சீங்க," என்றாள்.

வெண்கலக்குரல் உள்ளே போய் டாக்டருக்குப் போன் செய்தாள். சத்தமாகத்தான் பேசினாள். மழைச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. திரும்பி வந்து, "இந்தப் பாதி எதையும் இனிமே தொட வேண்டாம். டாக்டர் நாளைக் காலைல மாத்திரைக்கு முன்னாடியே அம்மாவ வரச் சொல்றாரு. மூணாவது மருந்துப் பேச்ச இப்ப எடுக்கல," என்றாள். "இன்னொண்ணு. இதே மருந்து வேற பேர்லயும் வருது. பேர் அவ்வளவு பெரிசில்ல, அதனால விலையும் பெரிசில்ல. உள்ள இருக்கறது ஒண்ணுதான். மாத்திக் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களோடதுக்கும் இருக்கு மாஸ்டர்."

"இது முன்னாடியே உண்டா?"

"எப்பவும் உண்டு. நீங்க கேக்கல. உங்களுக்குச் சிரமம்னு எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "கேக்கற மாதிரி நானும் நடந்துக்கல," என்றாள்.

விலையை அவள் வாயால் சொல்லவில்லை. கால்குலேட்டரில் தட்டி, பலகைமேல் அதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். எதிர்க்கூரையிலிருந்து ஒரு வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எண் மாஸ்டருக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், நிமிர்ந்தார். கூட்டத்தின் நடுவில் ஒரு மனிதனின் மானத்தை மறைக்க ஒரு சின்னப் பெட்டியைத் திருப்பி வைத்தால் போதும் என்பது எத்தனை பேருக்குத் தோன்றும்? அன்றுமுதல் அந்தக் கடையில் எல்லோருக்கும் அப்படித்தான் விலை சொல்லப்பட்டது. வெண்கலக்குரல் என்ற பெயர் மட்டும் போகவில்லை. பெயர்கள் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மறுநாள் டாக்டர் தகர டப்பாவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஒழுங்காப் போடறாங்களான்னு கேட்டேன். எதப் போடறாங்கன்னு காட்டச் சொல்லியிருக்கணும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பழைய சின்ன அளவில் முழு மாத்திரை, கோடு இல்லாதது, வெட்டாமல் தொடங்கியது. காலைத் தலைசுற்றல் நின்றது. அடுத்த முறை மாலையில் போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது. "மூணாவது மருந்து வேண்டாம்," என்றார் டாக்டர். "இஸ்திரி?" என்று மாஸ்டரம்மா கேட்டாள். "உக்காந்து போடுவீங்கன்னா," என்றார்.

டிரைவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கழுத்தும் கொஞ்சம் காரணம்தான்," என்று சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்துப் போனார்.

தீய்ந்த விரிப்பு அலமாரியில் மடித்தபடியே இருந்தது. புதிதாக வாங்கித் தருகிறோம் என்று கூடத்துப் பெரியவரிடம் சொல்லப் போனபோது, "ஒரு சூட்டுக்கு இத்தனை வருஷத்து வெள்ளைய மறந்துடுவாரா அம்மா, மேல இருக்கறவர்? துணி உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்.

மழை விட்ட ஒரு காலை மாஸ்டர் அதை எடுத்து மேஜையில் விரித்தார். நடுவில் பழுப்புப் படகு. சுற்றிலும் நல்ல துணி. கூடத்தில் பாட்டுப் புத்தகங்களின் மூலைகள் கிழிந்து தொங்குவதை அவர் பார்த்திருந்தார். அவற்றுக்குத் துணி உறை வெட்ட ஒரு புத்தகத்தை அளவுக்கு வைத்துக்கொண்டு, அளவு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படகின் முனைக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் உறைக்கு இடம் ஒளிந்திருந்தது. அதையும் கண்டுபிடித்தார். சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டார். கத்தரிக்கோலைத் திறந்தார். அப்புறம் கையை நிறுத்தினார்.

"ஏம்மா."

"என்னங்க?"

"கோடு போட்டாச்சு. வெட்டலாமா?"

அடுப்படியில் கஞ்சி கொதிக்கும் சத்தம் அடங்கியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"யார் போட்ட கோடு?"

"நான்தான்."

"அப்ப இருங்க. என் கண்ணாடிய எடுத்துக்கிட்டு வர்றேன்."

கத்தரிக்கோலைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு மாஸ்டர் காத்திருந்தார்.